யானைக்கு நீட்டிய வாழைப்பழம்

லீவில் ஊருக்கு வரும் ஷாரோனை, காஞ்சிபுரத்தை ஒட்டிய முசரவாக்கத்தில் முதலில் வரவேற்பது ஒரு கேள்விதான். "அந்த ஆப்பிரிக்காவுல பாதுகாப்பா இருக்குதாமா?" பஸ்ஸை விட்டு இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர்வதற்குள் நாலு பேராவது கேட்டுவிடுவார்கள். சிங்கம் தெருவுக்குள் வருமா, இருட்டினால் வெளியே தலைகாட்ட முடியுமா, அந்த ஜனங்கள் கையில் இருப்பதைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்களாமே என்று வரிசையாக வரும். கேட்பவர்களில் முக்கால்வாசிப் பேர் திருப்பதியைத் தாண்டியவர்கள் கிடையாது.

ஷாரோன் பொறுத்துப் போகிற ரகம் அல்ல. "எங்க நைனா எங்க செத்தாரு? ஆப்பிரிக்காவுலயா?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவாள்.

அவள் அப்பா வீராசாமி செத்தது பைபாஸில். சாயப்பட்டறை வேலை முடிந்து சைக்கிளில் ரோட்டைக் கடந்தவரை ஒரு மணல் லாரி அடித்துவிட்டு நிற்காமல் போனது. பட்டப்பகல். கிடந்தவரைச் சுற்றி முப்பது பேர் நின்றார்கள். தூக்கலாமா வேண்டாமா, போலீஸ் கேஸ் ஆகுமா, யார் வீட்டு ஆள், எந்தத் தெரு என்று பேசிக்கொண்டிருந்தார்களே தவிர ஒருத்தரும் கை வைக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அதற்கப்புறம் காஞ்சிபுரம் பாதுகாப்பான ஊரா என்று ஷாரோனை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அம்மா சம்பூர்ணம் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல் உதவியாளர். அந்தச் சம்பளத்தில்தான் மகளைக் கேட்டரிங் படிக்க வைத்தாள். ஷாரோன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு ஓட்டலில் நாலு வருஷம் வேலை பார்த்தாள். பிறகு தான்சானியாவில் அருஷா என்ற ஊரில், காட்டு மிருகங்களைக் காட்டக் கூட்டிப் போகும் ஒரு கம்பெனியில் சமையலுக்கு ஆள் தேவை என்று தெரிந்ததும் யாரிடமும் யோசனை கேட்காமல் கிளம்பிவிட்டாள். போய் எட்டு வருஷம் ஆகிறது. இப்போது சமையல் இல்லை. இந்தியாவிலிருந்து வரும் கூட்டங்களுக்குச் சாப்பாட்டிலிருந்து மாத்திரை வரைக்கும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு.

போன புதிதில் அவளுக்கு மலேரியா வந்தது. அறையில் தனியாக, எழுந்து கதவைத் திறக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தாள். வேலைக்கு வரவில்லையே என்று தேடி வந்து, கதவை உடைத்து, அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் எலியா. எலியா மொலேல், கம்பெனியின் வண்டி ஓட்டுநர், வழிகாட்டியும் அவன்தான். அவன் மனைவி மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். யார் வீட்டுப் பெண், எந்தத் தெரு என்று ஒரு கேள்வி இல்லை.

அந்த எலியாவுக்குத்தான் இந்த வருஷம் அப்படி ஒரு கதி வந்தது.

போன பிப்ரவரியில் காஞ்சிபுரத்துப் பட்டு வியாபாரிகள் பதினாலு பேர் குடும்பத்தோடு வந்தார்கள். சொந்த ஊர் ஜனங்கள் வருகிறார்கள் என்று ஷாரோன் தலைகால் புரியாமல் ஆடினாள். மிளகும் சுக்கும் தேடி வாங்கிக் காஞ்சிபுரம் இட்லி சுட்டுப் போட்டாள். கூட்டத்துக்குத் தலைவர் ஆதிகேசவன். காந்தி ரோட்டில் இரண்டு மாடிப் பட்டுக் கடை, சின்ன காஞ்சிபுரத்தில் வீடு, ஐம்பத்தெட்டு வயது, மோதிரம் இல்லாத விரலைத் தேட வேண்டும். கூட அவர் மனைவி காந்தா, அண்ணன் மகன் அருள்.

காட்டுக்குள் போகும் காலையில் ஷாரோன் தமிழிலேயே எல்லாவற்றையும் சொன்னாள். வண்டியை விட்டு இறங்கக் கூடாது. கையை வெளியே நீட்டக் கூடாது. எந்த மிருகத்துக்கும் எதையும் தின்னக் கொடுக்கக் கூடாது. ஒரு தடவை சொல்லி, தலையாட்டியதைப் பார்த்து, மறுபடியும் ஒரு தடவை சொன்னாள். எலியாவும் தன் பங்குக்கு ஆங்கிலத்தில் சொன்னான்.

பதினோரு மணிக்கு ஒரு பெண் யானை குட்டியோடு பாதையோரம் வந்து நின்றது. எலியா எஞ்சினை நிறுத்தினான். எல்லாரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, காலைச் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த வாழைப்பழங்களை எடுத்துக்கொண்டு ஆதிகேசவன் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஒரு கையில் பழம், இன்னொரு கையில் ஒரு ரூபாய் நோட்டு. கோயில் யானைக்குப் பழமும் காசும் கொடுத்துத் தலையைக் குனிந்தால் தும்பிக்கையால் ஆசி கொடுக்குமே, அந்த நினைப்பு. பிறந்ததிலிருந்து பார்த்த யானையெல்லாம் நெற்றியில் நாமத்தோடும் காலில் சங்கிலியோடும் நின்றவைதான். இது வேறு என்று சொல்ல எத்தனை வாய் வேண்டும்?

"இறங்காதீங்க சார்!" என்று ஷாரோன் கத்தினாள். எலியாவும் கத்தினான். ஆதிகேசவன் திரும்பிப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு இன்னும் இரண்டு அடி வைத்தார். தலையைக் குனிந்தார். யானை காதை விரித்தது. அடுத்த நொடி அது பாய்ந்து வந்தது. எலியா வண்டியிலிருந்து குதித்து, அவர் சட்டைக் காலரையும் கழுத்தையும் சேர்த்துப் பிடித்து இழுத்து உள்ளே எறிந்தான். கதவை மூடக்கூட நேரம் இல்லை. வண்டியை எடுத்தபோது யானையின் தந்தம் பின்கதவில் இறங்கியது. அந்தத் தகரக் கிழிசலில் இரண்டு விரலை விடலாம்.

ஆதிகேசவனுக்கு மணிக்கட்டில் எலும்பு விரிசல், கழுத்துச் சங்கிலி அறுந்தது. அவ்வளவுதான். காந்தா அழுதுகொண்டே எலியாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "அந்தத் தம்பி இல்லன்னா எனக்கு இன்னைக்குப் பொட்டு இல்லம்மா, அவர் கிட்ட சொல்லு" என்று ஷாரோனிடம் சொன்னாள். ஷாரோனும் மொழிபெயர்த்துச் சொன்னாள்.

ஊர் திரும்பிய ஒரே வாரத்தில் ஆதிகேசவன் கம்பெனிக்குப் புகார் அனுப்பினார். வழிகாட்டி தன்னைத் தாக்கினானாம். அமைதியாக நின்றுகொண்டிருந்த யானையிடம் தான் மரியாதையாக நின்றபோது, எந்தக் காரணமும் இல்லாமல் கழுத்தைப் பிடித்து இழுத்து எலும்பை முறித்தானாம். அவன்மேல் நடவடிக்கை எடுக்காவிட்டால் எல்லா இடத்திலும் எழுதிப் போடுவாராம்.

கம்பெனிக்காரனுக்கு இணையத்தில் பயணிகள் போடும் நட்சத்திரம் குறைந்துவிடும் என்ற பயம். எலியாவின் அடையாள அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு விசாரணை என்றான். ஷாரோன் சொன்ன சாட்சி எடுபடவில்லை. நீ அவனுக்குச் சிநேகிதி, நீ அப்படித்தான் சொல்லுவாய் என்றார்கள். மற்ற பயணிகளுக்கு எழுதினால் ஒருவரும் பதில் போடவில்லை, எல்லாரும் ஆதிகேசவனோடு வியாபாரம் பண்ணுகிறவர்கள். புகார் கொடுத்த பயணியே நடந்ததை எழுதிக் கொடுத்தால் சரி, இல்லையென்றால் இருபதாம் தேதியோடு எலியாவுக்கு வேலையும் இல்லை, இனி வேறெங்கும் வழிகாட்டியாகப் போகவும் முடியாது. பதினேழு வருஷமாக யானைக் காதைப் பார்த்தே அதன் மனசைச் சொல்லுகிற மனுஷன். மூன்று பிள்ளைகள்.

ஷாரோன் லீவைப் போட்டுவிட்டு விமானம் ஏறினாள்.

வந்த மறுநாளே காந்தி ரோட்டுக்குப் போனாள். கடை வாசலைப் பார்த்ததும் அவளுக்கு உச்சந்தலை கொதித்தது. ஃபைபரில் செய்த பெரிய யானை ஒன்று நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் பேனர்: 'சஃபாரி கலெக்‌ஷன். ஆப்பிரிக்கக் காட்டில் கஜராஜன் ஆசி பெற்ற அதிபரின் அன்புக் காணிக்கை.' உள்ளே பெரிய டிவியில் அருள் எடுத்த வீடியோ. ஆதிகேசவன் பழத்தோடு குனிந்து நிற்கிறார், யானை காதை விரிக்கிறது, மேளம் நாதஸ்வரம், அதோடு நின்றுவிடுகிறது. பாய்ந்ததும் இல்லை, இழுத்ததும் இல்லை. திரும்பத் திரும்ப அதையே ஓட்டிக்கொண்டிருந்தார்கள். புடவை எடுக்க வந்தவர்கள் டிவியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பட்டுப் பார்டரில் நெய்திருந்ததும் நம் ஊர் யானைதான், சின்னக் காதோடு. ஆப்பிரிக்காவையாவது உருப்படியாகத் திருடியிருக்கக் கூடாதா?

"அடடே, வாம்மா! நம்ம ஊரு பொண்ணு!" ஆதிகேசவன் காபி வரவழைத்தார். அவள் வந்த விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

"நடந்தது நடந்தபடி ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். அது போதும். அவர் வேலை போயிடும்."

"எழுதிக் குடுக்கறதுல இன்னாமா இருக்குது? நீ எனக்கு ஒண்ணு பண்ணு, நான் உனக்கு ஒண்ணு பண்றேன். ஞாயித்துக்கெழமை சஃபாரி கலெக்‌ஷன் தொறப்பு விழா. பெரிய மனுஷங்க வராங்க. நீ அங்கயே வேலை பாக்கற பொண்ணு. மைக்கைப் புடிச்சி, 'நான் கண்ணால பாத்தேன், யானை சாருக்கு ஆசி குடுத்துச்சு'ன்னு ரெண்டு வார்த்தை சொல்லு. எறங்கி வந்ததும் லெட்டர்ல கையெழுத்து."

"யானை உங்கள கொல்ல வந்துச்சு சார்."

"அத்த யாரு பாத்தா?" என்றார் அவர், சிரித்துக்கொண்டே. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு புடவையைப் பிரித்து மறுபடியும் மடித்துக்கொண்டிருந்தாள்.

ஷாரோன் அன்று மாலை எலியாவுக்கு போன் போட்டுச் சொன்னாள். அவன் முழுக்கக் கேட்டுக்கொண்டான். பிறகு, "சொல்லிவிடு சகோதரி. ஏதோ ஒரு ஊரில் யாரோ எதையோ நம்பிவிட்டுப் போகட்டும். எனக்கு என் வேலை வேண்டும்" என்றான். அவன் மேல் அவளுக்கு வருத்தம் வரவில்லை. தலையில் மிளகாய் அரைப்பவனுக்கு அரைக்க அரைக்கத் தலையைக் காட்ட வேண்டியிருக்கிறதே என்றுதான் ஆற்றாமை.

சம்பூர்ணத்துக்கோ வேறு கணக்கு. "ரெண்டு வார்த்த சொல்லி, லெட்டர வாங்கி அனுப்பிட்டு, நீ இங்கயே இருந்துடு கண்ணு. காடும் மேடும் போதும். நம்ம ஜனம், நம்ம ஊரு. இங்க இருந்தா உனக்கு ஒண்ணுன்னா நாலு பேரு வருவாங்க." மகள் மேடையில் பேசப் போகிறாள் என்றதில் அவளுக்குப் பெருமை வேறு. போனில் வீடியோ எடுப்பது எப்படி என்று இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஷாரோன் சனிக்கிழமை முழுக்கப் பொய்யை மனப்பாடம் பண்ணினாள். நிஜமாகவே சொல்லத்தான் தயாரானாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டை விட்டுக் கிளம்பும்போது வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அடுத்த மாதம் வரப்போகும் வேலூர்க் கூட்டத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருந்தாள். 'காஞ்சிபுரம் சார் வீடியோ எங்கள் குரூப்பில் வந்தது, பார்த்து மெய் சிலிர்த்தது. யானைக்கு வெல்லம் கொண்டு வரலாமா? பேரக்குழந்தைகளை ஆசி வாங்க வைக்க ஆசை.'

பஸ்ஸில் போகும்போது ஷாரோன் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடை வாசலில் பந்தல், நாற்காலிகள், ரோஸ்மில்க். ஃபைபர் யானைக்கு மாலை போட்டிருந்தார்கள். அதன் தும்பிக்கைக்கு எதிரே பிள்ளைகளை ஒவ்வொருவராக நிறுத்தி, கையில் வாழைப்பழத்தைக் கொடுத்து, தலையைக் குனியச் சொல்லி, அப்பா அம்மாக்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து போனைத் தூக்கிப் பிடித்திருந்தாள். பெரிய மனுஷர்கள் பேசி முடித்ததும் ஷாரோன் பெயரைச் சொன்னார்கள். ஆதிகேசவன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். லெட்டர் அங்கே இருக்கிறதாம்.

அவள் மைக்கைப் பிடித்தாள். மனப்பாடம் பண்ணிய முதல் வரி தொண்டையில் இருந்தது. எதிரே ஒரு நாலு வயதுப் பிள்ளை வாழைப்பழத்தோடு குனிந்து நின்றது.

"அந்தப் பழத்த கீழ போடச் சொல்லுங்க" என்றாள் ஷாரோன். "யானை ஆசி குடுக்கல. குட்டியோட இருந்த யானை, இவரை மிதிக்க வந்துச்சு. இந்த வீடியோவ வெட்டிட்டாங்க. மீதிய போடச் சொல்லுங்க. எறங்காதன்னு மூணு தடவ சொன்னோம், எறங்கினாரு. இவரு இன்னைக்கு உசிரோட இங்க நிக்கறாருன்னா எலியான்னு ஒருத்தர் குதிச்சிப் புடிச்சி இழுத்ததாலதான். அவருக்கு வேலை போவப்போவுது. இவரு பண்ண கம்ப்ளைன்டுல. இத்த பாத்துட்டு உங்க புள்ளைங்கள கூட்டிக்கினு வந்து யாராச்சும் காட்டுல எறக்கி விட்டீங்கன்னா, அது கோயில் யானை இல்ல. அவ்ளோதான்."

ஆதிகேசவன் பாய்ந்து வந்து மைக்கைப் பறித்தார். இரண்டு நாளாகச் சிரித்துக்கொண்டே இருந்த முகம் அது இல்லை.

"இன்னா பேசறா இவ? சரி, வந்துச்சு! யானை கை நீட்டற தூரத்துக்கு வந்துச்சு! இல்லன்னு சொன்னனா? எறங்காதன்னு சொன்னான், கேட்டுது. வாயால சொன்னான் இல்ல, அதோட நிறுத்திக்கணும். உசிரே போனாலும் என் உசிரு. அதுக்காவ அவன் என் கழுத்துல கைய வெக்கலாமா? எங்க வூட்டு வாசல்ல அந்த மாதிரி ஆளுங்கள நிக்க வெச்சிருப்பனா? யாரத் தொடறோம்னு தெரிய வேணா? அவன் என்னத் தொடலாமா?"

தொடலாமா என்று கேட்டபோது அவர் எலியாவைக் கேட்கவில்லை, அவளைப் பார்த்துத்தான் கேட்டார். ஷாரோன் வளர்ந்த தெருவில் அந்தக் கேள்வியை யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பம்புசெட்டுத் தொட்டியில் கை வைத்ததற்கு, பந்தியில் முன்னால் உட்கார்ந்ததற்கு, குடத்தின்மேல் குடம் இடித்ததற்கு என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்ட கேள்வி. செத்துக்கொண்டிருந்த வீராசாமியைச் சுற்றி நின்ற முப்பது பேரும் ஏன் குனியவில்லை என்று பதினேழு வயதிலிருந்து அவள் மண்டையைக் குடைந்த விஷயத்துக்கு, பட்டு ஜிப்பா போட்ட ஒரு ஆள் மைக்கிலேயே பதில் சொல்லிவிட்டான். முன்வரிசையில் இருந்த காந்தா எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், கடைக்குள் போய்விட்டாள்.

அப்போதுதான் அருள் சம்பூர்ணத்தைப் பார்த்தான். அவள் இன்னும் போனைத் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாள்.

அருள் ஓடி வந்தான். "இன்னாமா எடுத்துக்கினு இருக்கற? அழிச்சிடு. போனைக் குடு இப்படி." கையை நீட்டினான்.

பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டர் முன்னால்கூடக் குரல் உயர்த்தாதவள் சம்பூர்ணம். எழுந்து நின்றாள். போனை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

"தள்ளி நில்லுப்பா" என்றாள். "எம்மேல கை பட்டா உங்க சித்தப்பாவுக்கு ஆவாது."

அவன் நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மாவும் மகளும் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து வெளியே வந்தார்கள். யாரும் தடுக்கவில்லை, யாரும் கூடவும் வரவில்லை. நாலு பேர் வருவார்கள் என்று சம்பூர்ணம் சொன்னாளே, அந்த நாலு பேரும் ரோஸ்மில்க் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆதிகேசவன் பேசிய ஒவ்வொரு வார்த்தையையும் ஷாரோன் ஆங்கிலத்தில் எழுதினாள். ஒன்றைக்கூட விடவில்லை, ஒன்றைக்கூட மெருகேற்றவில்லை. ஒரு நோட்டரி வக்கீலிடம் காட்டிக் கையெழுத்து வாங்கி, வீடியோவோடு சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். யானை பக்கத்தில் வந்தது, இறங்காதே என்று எச்சரித்தார்கள், அது காதில் விழுந்தும் அவர் இறங்கினார். மூன்றையும் அந்த மனுஷனே ஊர் முன்னால் ஒப்புக்கொண்டிருக்கிறார். பதினெட்டாம் தேதி எலியாவுக்கு அட்டை திரும்பக் கிடைத்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை யாரும் கேட்கவில்லை. ஆதிகேசவனும் கேட்கவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை. சஃபாரி கலெக்‌ஷன் நன்றாக விற்கிறதாம். வேலூர் அம்மாவுக்கு மட்டும் ஷாரோன் உட்கார்ந்து நீளமாக ஒரு பதில் எழுதினாள்.

கிளம்பும் நாளன்று சம்பூர்ணமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தாள். இரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டு பொட்டலம் இட்லிப் பொடி கட்டியிருந்தாள். ஒன்று எலியா மனைவிக்கு. பஸ்ஸுக்கு நின்றிருந்த ஒருத்தி பெட்டியைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தாள்.

"மறுபடியும் அனுப்புறியா சம்பூர்ணம்? பொம்பளப் புள்ள. அங்க பாதுகாப்பா இருக்குதா?"

ஷாரோன் வழக்கமான பதிலைச் சொல்ல வாயைத் திறந்தாள். அம்மா முந்திக்கொண்டாள்.

"இருக்குது" என்றாள் சம்பூர்ணம், பைபாஸ் பக்கம் பார்த்தபடி. "அங்க ஒருத்தர் சாவப்போறார்னா, தொட்டுத் தூக்கறதுக்கு ஆளு இருக்குது."